போகும்போது மட்டும் கொதித்த வண்டி

பெரம்பலூரில் நான் வேலை பார்த்த பஸ் ஷெட் இருந்த இடத்தில் இப்போது வேறொருவர் கார் பட்டறை வைத்திருக்கிறார். அந்தப் பக்கம் போனால் எட்டிப் பார்க்காமல் வர என்னால் முடிவதில்லை. போன மாதம் போனபோது ஒரு புதுக் காரின் பானெட்டைத் திறந்து வைத்திருந்தார்கள். ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் விசிறி, சூடு ஏறினால் தானே சுற்றுமாம், ஆறினால் தானே நிற்குமாம். வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கிருந்த மெக்கானிக் ஒருவர், "உங்க காலத்துல வண்டி கொதிச்சா கைய வெச்சே எங்க கோளாறுன்னு சொல்லிடுவீங்களாமே, நெசமாங்க?" என்று கேட்டார். ஆமாம் என்று பெருமையாகச் சொல்லியிருக்கலாம். நாக்கு வரவில்லை. ஒரு வண்டி எங்களை மூன்று வாரம் முட்டாளாக்கி வைத்திருந்தது நினைவுக்கு வந்துவிட்டது. அவரிடம் அரைகுறையாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

என் ஊர் வரதராசன்பேட்டை. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். நானும் வாத்தியாராவேன் என்று நம்பியிருந்தார். நான் திருச்சியில் ஒரு லாரி ஷெட்டில் மூன்று வருடம் முதலில் ஸ்பானர் துடைத்து, அப்புறம் ஸ்பானர் பிடித்து, இரண்டாவது உலகச் சண்டைக் காலத்தில் பெரம்பலூர் பஸ் கம்பெனியில் வந்து சேர்ந்தேன். பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைக்கும். அதனால் பஸ்கள் எல்லாம் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு, அதன் புகையில் ஓடின. கொதிக்காத வண்டி ஷெட்டுக்கு வந்தால்தான் எங்களுக்கு ஆச்சரியம்.

எங்கள் ஃபோர்மேன் பெயர் வைத்தியலிங்கம். கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் ஏறும், அவருக்கு இறங்கும். அவர் சொல்வது காதில் விழாத அளவுக்கு இறங்கிவிட்டால் அன்றைக்கு யாருக்கோ வேலை போகப்போகிறது என்று அர்த்தம். தெரியவில்லை என்ற வார்த்தை அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. "வண்டி இன்னும் வாயத் தொறக்கல" என்பார்.

கொதிக்கிற வண்டி வந்தால் அவருக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் வண்டியைத் தொடவே மாட்டார். டிரைவரை நிதானமாக உட்காரவைத்து, எத்தனையாவது மைலில் கொதித்தது, ஏற்றமா இறக்கமா, எத்தனை பேர் ஏறியிருந்தார்கள் என்று கேட்பார். அப்புறம் புறங்கையை ரேடியேட்டரின் மேல்தொட்டியிலும், கீழே உள்ள ரப்பர் குழாயிலும் வைத்துப் பார்ப்பார். உள்ளங்கை காய்த்துப் போயிருக்கும், அது பொய் சொல்லும், புறங்கைதான் நிஜம் சொல்லும் என்பது அவர் கட்சி. தண்ணீரை முகர்ந்து பார்ப்பார். எண்ணெய் வாடை அடித்தால் இன்ஜின் தலைக்கு அடியில் கேஸ்கட் போயிருக்கிறது. கடைசியாகத் தண்ணீரை எல்லாம் வடித்துப் படியால் அளப்பார். பதினாறு படி பிடிக்க வேண்டிய வண்டியில் பதின்மூன்று படிதான் வந்தது என்றால், மிச்சம் மூன்று படிக்கு உள்ளே சுண்ணாம்பு உட்கார்ந்திருக்கிறது. அரியலூர்ப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை ஒரு வருடம் ஊற்றினால் போதும், அந்தக் கதி வந்துவிடும். அதற்கு மருந்து புளி. பித்தளைக் குடத்துக்கு எது நல்லதோ அதுவே பித்தளை ரேடியேட்டருக்கும். ஒவ்வொன்றும் முடிந்ததும் மட்கார்டின் மேல் சாக்கட்டியால் ஒரு கோடு போடுவார்.

அவருக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. பழுது பார்த்த வண்டியை முதல் ஓட்டம் விடும்போது சூலம் பார்ப்பார். சனியும் திங்களும் கிழக்கே சூலம், அந்த நாட்களில் கிழக்கே புறப்படக்கூடாது. வெள்ளியும் ஞாயிறும் மேற்கே ஆகாது. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பூசைதான் தெரியும், சூலம் தெரியாது. முதலில் மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். நாளடைவில் அதுவும் ஷெட்டின் சட்டங்களில் ஒன்றாகிவிட்டது.

சண்டை ஓய்ந்த மறு வருடம் அந்த வண்டி வந்தது. கூப்பன் மட்டும் ஓயவில்லை. ஊரில் பெரிய வக்கீல் ஒருவர், சீமைக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து அதை வாங்கியிருந்தார். கூரை இல்லாத, இரண்டு பேர் மட்டும் உட்காரும் பழைய பந்தய வண்டி. நீளமான மூக்கு, அதைக் கட்டிப்போட்டாற்போல் பானெட்டுக்குக் குறுக்கே ஒரு தோல் வார். பானெட்டைத் திறந்தபோது நாங்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றோம். உள்ளே எல்லாம் அவ்வளவு சுத்தம், அவ்வளவு சிக்கனம். தண்ணீரைத் தள்ள பம்பு கூடக் கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறி ரேடியேட்டருக்குப் போகும், ஆறிய தண்ணீர் தானாகக் கீழே இறங்கி இன்ஜினுக்கு வரும். ரேடியேட்டர் மூடியின்மேல் ஒரு சின்னக் கண்ணாடி வட்டம், அதற்குள் சிவப்புத் திரவம் ஏறி இறங்கிச் சூட்டைக் காட்டும். இப்படி ஒரு வண்டியைச் செய்தவன் எப்பேர்ப்பட்டவனோ என்று எனக்கு மெய் சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டேன். எங்கள் ஃபோர்மேனும் விட்டார்.

வக்கீல் வாரத்தில் மூன்று நாள் கோர்ட்டுக்காக அரியலூர் போவார். காலை ஒன்பதுக்குப் புறப்பட்டால் குன்னத்தை நெருங்கும்போது வண்டி கொதித்துவிடும். நிறுத்தி, ஆறவைத்து, தண்ணீர் ஊற்றி, போய்ச் சேர்வதற்குள் கேஸ் கூப்பிட்டு முடிந்திருக்கும். சித்திரை வெயிலில் பேசாமல் ஓடிய வண்டி, ஆடி பிறந்த பிறகுதான் இந்த வேலையைக் காட்டியது.

ஓட்டுபவன் மாணிக்கம். குன்னத்துக்குப் பக்கத்தில் சேரியில் பிறந்தவன். அவன் அப்பா வக்கீல் வீட்டு நிலத்தில் பண்ணையாள். மாணிக்கம் பட்டாளத்தில் சேர்ந்து லாரி ஓட்டிவிட்டு வந்திருந்தான். அவன் வம்சத்தில் வயலை விட்டு வெளியே சம்பளம் வாங்கிய முதல் ஆள். மற்றவர்கள் வக்கீலை எசமான் என்பார்கள், அவன் சார் என்பான். வக்கீலுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரியும்.

கோர்ட்டு லீவு என்பதால் வண்டி எப்போதும் சனிக்கிழமைதான் ஷெட்டுக்கு வரும். முதல் சனிக்கிழமை தண்ணீரை அளந்தோம். ஒரு படி குறைந்தது. புளி ஊற்றிச் சுத்தம் செய்தோம். ஃபோர்மேன் என்னை ஏற்றிக்கொண்டு குரும்பலூர் வரை மேற்கே ஓட்டிப் பார்த்தார். எதிர்க்காற்றில் கண்ணைத் திறக்க முடியவில்லை, ஆனால் சிவப்புத் திரவம் பாதிக்கு மேல் ஏறவில்லை. திரும்பும்போது பாதை இறக்கம். எல்லா டிரைவரும் செய்வதுபோல் நியூட்ரலில் போட்டு இன்ஜினை அணைத்துவிட்டார். பெட்ரோல் மிச்சம். முதுகில் காற்று வேறு தள்ள, வண்டி தானாக உருண்டு ஷெட்டு வாசலுக்கு வந்து நின்றது. "பூ மாதிரி இருக்கு" என்றார்.

திங்கட்கிழமை குன்னத்தில் கொதித்தது.

இரண்டாவது சனிக்கிழமை கேஸ்கட்டை மாற்றினோம், பிளக்குகளைத் துடைத்தோம், நெருப்பு விழும் நேரத்தைச் சரிசெய்தோம். குரும்பலூர் போய் வந்தோம். பூ மாதிரி இருந்தது. செவ்வாய்க்கிழமை மறுபடி குன்னத்தில் கொதித்தது.

மூன்றாவது சனிக்கிழமை வக்கீலே கூட வந்தார். மட்கார்டு முழுக்கச் சாக்கட்டிக் கோடு. ஃபோர்மேன் வண்டியைப் பார்த்தபடி வாயைத் திறக்கவில்லை, வண்டியும் திறக்கவில்லை. அந்த மௌனம் எனக்குத் தாங்கவில்லை. கெட்டிக்காரன் என்று காட்டிக்கொள்ளும் வயசு. "பெட்ரோல்ல மண்ணெண்ண கலந்தாலும் இன்ஜின் இப்படிச் சூடேறுங்க" என்று சொல்லிவைத்தேன். யாரையும் நினைத்துச் சொல்லவில்லை. பொதுவாகச் சொன்னேன்.

வக்கீலுக்கு அது போதுமாக இருந்தது. கூப்பன் பெட்ரோலுக்குக் கள்ளச்சந்தையில் என்ன மதிப்பு என்று ஊருக்கே தெரியும். "டேய், திருட்டுப் பயலே!" என்று எங்கள் எட்டுப் பேர் முன்னாலும் கத்தினார். மாணிக்கம் கையைக் கட்டவில்லை, நேராக நின்றான்.

"நான் தொடல சார்."

ஃபோர்மேன் டாங்கியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலை எடுத்துப் புறங்கையில் விட்டுக்கொண்டார். உடனே காய்ந்துவிட்டது. மண்ணெண்ணெய் இருந்தால் பிசுபிசுப்பு நிற்கும். "இதுல கலப்படம் இல்லீங்க" என்றார்.

"இங்க கொண்டுவர்ற அன்னைக்கு நல்லத ஊத்தியிருப்பான்யா. எனக்கா தெரியாது, தெனம் எத்தன திருடனப் பாக்கறேன். திங்கக்கெழம ஒரு நாள் பாப்பேன். கொதிச்சுதோ, அங்கேர்ந்து நேரா ஸ்டேஷன்தான்."

மறுநாள் பூசை முடிந்து நான் என் அறைக்கு வந்தபோது மாணிக்கம் வாசலில் நின்றிருந்தான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"அண்ணே, திருடன்னு எழுதிக் குடுத்துட்டா எந்தக் கம்பெனியிலயும் சேக்க மாட்டான். எங்கப்பன் மாதிரி அவுரு வயலுக்கே போயி நிக்கணும். அதுக்கு நான் பட்டாளத்துலயே செத்திருக்கலாம்."

"வரும்போதும் கொதிக்குதா மாணிக்கம்?"

"அததான் மூணு வாரமா சொல்லிட்டிருக்கேன், யாரு காதுல வாங்குறாங்க? போறப்பதாண்ணே கொதிக்குது. வர்றப்ப ஒரு நாளும் கொதிக்கல. அதே பெட்ரோல்தான டாங்கில இருக்கு?"

வரும்போது வெயில் தாழ்ந்திருக்கும், அதனால்தான் என்று வக்கீல் சொல்லியிருந்தார். நாங்களும் சரி என்று தலையாட்டியிருந்தோம். ஆனால் காலை ஒன்பது மணி என்ன பெரிய வெயில்? கலந்தவன் எவனோ, கலந்ததே உண்டோ இல்லையோ, அந்த வார்த்தையைக் கலந்தவன் நான்தான். நாளைக்கு நானும் வண்டியில் வருகிறேன் என்றேன்.

ஃபோர்மேனிடம் லீவு கேட்டேன். "திங்கக்கெழம கெழக்க சூலம்டா சவரி" என்றார் மெதுவாக. அப்புறம் இன்னும் மெதுவாக, "போயிட்டு வா" என்றார்.

இருக்கைக்குப் பின்னால் பெட்டி வைக்க ஒரு பள்ளம் இருந்தது. அதில் காலை மடக்கி உட்கார்ந்தேன். பாதை மோசம் என்பதால் வக்கீல் மணிக்கு இருபத்தைந்து மைலுக்கு மேல் போக விடமாட்டார். ஊரைத் தாண்டியதும் ஆடிக் காற்று பிடித்துக்கொண்டது. இரண்டு பக்கமும் பனைமரங்கள் ஓலையை எல்லாம் கிழக்கே நீட்டிக்கொண்டு அடித்துக்கொண்டன. சோளக்கொல்லை படுத்து எழுந்தது. ஒருவன் காற்றில் ஓடிய தன் தலைப்பாகையைத் துரத்திக்கொண்டு வயலில் ஓடினான்.

வக்கீல் சுருட்டை எடுத்தார். ஒரே குச்சியில் பற்றவைத்தார். "இந்த வண்டியில இது ஒண்ணுதான்யா சுகம்" என்றார், மாணிக்கத்தைப் பார்க்காமல், என்னிடம். "போறப்ப நிம்மதியா சுருட்டுப் பிடிக்கலாம். வர்றப்ப பெட்டிக் குச்சியும் தீந்துடும், ஒண்ணும் பத்திக்காது."

நான் சுருட்டுப் புகையைப் பார்த்தேன். அது நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. சாமி முன்னால் ஏற்றிய ஊதுவத்திப் புகைபோல் ஆடாமல் அசையாமல் போய்க்கொண்டிருந்தது. கூரையில்லாத வண்டி. இருபத்தைந்து மைல் வேகம். என் சட்டை படபடக்கவில்லை. மாணிக்கத்தின் கழுத்துத் துண்டு நுனி அசையவில்லை. எங்கள் சக்கரம் கிளப்பிய புழுதி பின்னால் தங்காமல் எங்களைச் சுற்றிக்கொண்டு கூடவே வந்தது. எங்கிருந்தோ ஓர் எருக்கம்பஞ்சு வந்து என் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி அந்தரத்தில் நின்றது. நின்றதா? அதுவும் இருபத்தைந்து மைல் வேகத்தில் அரியலூருக்குப் போய்க்கொண்டிருந்தது. வெளியே உலகமே பேயாடுகிறது, எங்கள் வண்டிக்குள் மட்டும் காற்றே இல்லை. நான் வாழ்நாளில் எத்தனையோ கோயில் பார்த்திருக்கிறேன், கடல் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு சாண் தூரத்துப் பஞ்சைப் பார்த்தபோது வந்த பயமும் பக்தியும் எதிலும் வந்ததில்லை. காற்றோடு காற்றாகப் போய்க்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் அந்தச் சுத்தமான பானெட்டுக்குள் என்ன இல்லை என்று எனக்கு உறைத்தது. விசிறி இல்லை. பந்தய வண்டிக்கு விசிறி எதற்கு? அறுபது எழுபது மைலில் பறந்தால் காற்றுத் தானே வந்து ரேடியேட்டரில் மோதும். செய்தவன் சீமைப் பாதையை நினைத்துச் செய்தான். பெரம்பலூரிலிருந்து கிழக்கே, ஆடி மாதம், இருபத்தைந்து மைலில், காற்றும் அதே வேகத்தில் பின்னாலிருந்து வந்தால் ரேடியேட்டருக்கு மூச்சே கிடைக்காது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

குன்னம் கண்ணில் பட்டது. சிவப்புத் திரவம் உச்சியைத் தொட ஒரு நூல்தான் பாக்கி. வக்கீல் அதைப் பார்த்துவிட்டு, "பாத்தியா?" என்று திரும்பினார்.

"மாணிக்கம், நிறுத்து. இன்ஜின அணைக்காத. வண்டியத் திருப்பி மூக்க மேக்கப் பாத்து வை" என்றேன்.

அவன் ஏன் என்று கேட்கவில்லை. திருப்பினான். திருப்பியதும் காற்று அறைந்தாற்போல் முகத்தில் விழுந்தது. வக்கீலின் அங்கவஸ்திரம் பறந்து என் தலையில் சுற்றிக்கொண்டது, சுருட்டு பொறி கக்கியது. வண்டி நின்ற இடத்தில் நின்றபடி ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஊற்றவில்லை. யாரும் எதையும் தொடவில்லை. மூன்று பேரும் அந்தக் கண்ணாடி வட்டத்தையே பார்த்தோம். சிவப்பு ஒரு நூல் இறங்கியது. அப்புறம் ஒரு விரல். ஐந்து நிமிஷத்தில் பாதிக்கு வந்துவிட்டது.

விஷயத்தைச் சொன்னேன். வக்கீல் சுருட்டை வெளியே எறிந்தார். "காத்தா?" என்றார். "காத்தையாய்யா நான் கூண்டுல ஏத்த முடியும்?" சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. மாணிக்கம் ஸ்டீயரிங்கைப் பிடித்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்டேஷன் பேச்சு எழவில்லை. குன்னத்திலிருந்து இரண்டு இடத்தில் வண்டியைக் காற்றுக்குத் திருப்பி நிறுத்தி, ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல் அரியலூர் போய்ச் சேர்ந்தோம்.

ஷெட்டுக்கு வந்து ஃபோர்மேனிடம் சொன்னபோது அவர் முகம் போன போக்கு எனக்கு மறக்காது. விசிறி இல்லை என்றதற்கல்ல. ஓட்டிப் பார்த்த இரண்டு சனிக்கிழமையும் எந்தத் திசையில் போனோம், வரும்போது இன்ஜின் ஓடியதா என்று அவரே விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார். "நான் மேக்கயே போயி மேக்கயே போயி, அந்தப் பயல திருடனாக்கிட்டனேடா" என்றார். குரல் கேட்கவே இல்லை, உதடு அசைந்ததைத்தான் பார்த்தேன்.

நாலாவது சனிக்கிழமை, கழித்துப்போட்ட பஸ்ஸின் விசிறியை வெட்டிச் சிறிதாக்கி, புல்லியும் பெல்ட்டும் போட்டு அந்த வண்டிக்குப் பொருத்தினோம். அழகு கொஞ்சம் கெட்டது. முடிந்ததும் ஃபோர்மேன் டீக்கடையிலிருந்து ஒரு கிண்ணம் தயிர் வாங்கிவரச் சொன்னார். கிழக்குச் சூலத்துக்குப் பரிகாரம் தயிர். அதை நின்றபடியே குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு, "கெழக்க விடு மாணிக்கம்" என்று ஏறி உட்கார்ந்தார். இருபது வருடத்தில் அவர் செய்யாத காரியம். நாங்கள் வேலையை நிறுத்திவிட்டு வாசலில் நின்று பார்த்தோம். குன்னம் தாண்டிப் போய்விட்டு வந்தார்கள். சிவப்பு பாதியிலேயே நின்றதாம்.

வக்கீல் வண்டியை எடுக்க வந்திருந்தார். ஃபோர்மேன் விசிறியைக் காட்டி விளக்கினார். வக்கீல் தலையாட்டிவிட்டு, "சரி, எடுடா" என்றார். மாணிக்கம் எடுக்கவில்லை. சாவியை மட்கார்டின்மேல், சாக்கட்டிக் கோடுகளுக்கு நடுவில் வைத்தான்.

"வண்டிக்கு என்னா குத்தம்னு தெரிஞ்சிடுச்சு சார். எனக்குக் குத்தமில்லன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. இங்கதான் சொன்னீங்க, இவங்க எட்டுப் பேரும் இருந்தாங்க."

அந்தக் காலத்தில், அந்த ஊரில், சேரியிலிருந்து வந்தவன் ஒரு வக்கீலிடம் இப்படிக் கேட்பது என்றால் என்ன என்று இன்றைக்கு இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. வக்கீலின் கழுத்து நரம்பு புடைத்தது. அடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னார்: "நான் சொன்னது தப்பு, மாணிக்கம்." முதல் தடவையாக அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. இத்தனையும் என்னால் வந்தது, காற்றைக் கண்டுபிடித்தவன் நான், இனி அவன் என் பக்கம் திரும்பி நன்றி சொல்வான் என்று நின்றேன். அவன் திரும்பவும் செய்தான்.

"நீங்கண்ணே?" என்றான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"மண்ணெண்ணன்னு மொதல்ல சொன்னது நீங்கதாண்ணே. அவுருக்கு அது தெரியாது, நீங்கதான் எடுத்துக் குடுத்தீங்க."

அவன் குரலில் கோபமே இல்லை. எல்லோரும் வக்கீலை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஃபோர்மேனும் பார்த்தார். வண்டியைப் பார்க்காமல் வாயைத் திறந்தது என் தப்பு, நீ திருடவில்லை என்று சொன்னேன். முதல் தடவை குரல் வரவில்லை. இரண்டாம் தடவை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"சரிங்கண்ணே" என்றான் மாணிக்கம். சாவியை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினான். வக்கீல் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.